காற்று இருந்தால் வண்டி ரெடி

கூகுள் மேப்பில் எபினேசர் அண்ணனின் சைக்கிள் கடைக்கு இரண்டே நட்சத்திரம். 'ஓனர் பேசவே மாட்டார்' என்று ஒருவன் எழுதி ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறான். 'போன் எடுக்க மாட்டார்' என்று இன்னொருவன் ஒன்று. 'வண்டி ரெடியா என்று கேட்டால் முறைக்கிறார்' என்று மூன்றாமவன் ஒன்று. மூன்றும் அப்பட்டமான உண்மை. நாலாவதாக ஒரு பீகார்க்காரர் இந்தியில் நாலு வரி எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பதால்தான் கடை இரண்டிலாவது நிற்கிறது. நான் அங்கே எதுவும் எழுதியதில்லை. எழுத வேண்டியதை இங்கே எழுதுகிறேன், ஆட்களின் பெயரை மட்டும் மாற்றி.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி சிப்காட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் நடந்தால் கடை வரும். எட்டுக்குப் பத்தில் ஓர் அறை, இரும்பு ஷட்டர், முன்னால் தகரக் கூரை. கூரைக்கு அடியில் எந்நேரமும் இருபது சைக்கிளாவது நிற்கும். தூணில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு பம்பு உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக் காற்று அடித்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கு அதுவே பெரிய புண்ணியம்.

நான் அங்கே ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். தப்பு கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் என்பதால் வீட்டிலும் யாருக்கும் என்னைப் பிடிக்காது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதல்முறையாக அண்ணன் கடையில் சைக்கிள் வாங்கப் போனேன். பச்சைக் கலரில் பளபளவென்று ஒன்று நின்றது. அதைக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

"அது ஒனக்கு இல்ல."

"ஏண்ணே?"

"இல்ல."

அவ்வளவுதான் வியாபாரம். உள்ளே போய், நாலு வண்டியை உடைத்து ஒன்றாகச் சேர்த்தது போல ஒரு அவலட்சணத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஒரு வாரம் ஓட்டு நைனா" என்றார். மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன். நாலாவது நாள் பார்த்தால் ரொம்ப நாளாக இருந்த முட்டி வலி காணோம். இன்றைக்கும் அந்த அவலட்சணத்தில்தான் வேலைக்குப் போகிறேன்.

அண்ணனுக்கு அப்போதே நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா அம்மா கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் பதினெட்டு வயதில் கம்பெனிக்குள் நுழைந்து, பிரஸ் மெஷினில் இடது கையின் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். மிச்சம் எட்டு விரலில் அவர் செய்கிற வேலையைப் பத்து விரல்காரன் எவனும் செய்ய மாட்டான். பேச்சுதான் வராது. வீட்டில் விக்டோரியா அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

பேச்சு வராத ஆளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் வந்து "ரெடியா, ரெடியா" என்று பிடுங்குவான்கள். அதற்காக அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேலை முடியாத வண்டி என்றால் இரண்டு டயரிலும் காற்றை இறக்கிவிடுவார். முடிந்துவிட்டால் கல்லுப் போல அடித்து வைப்பார். வருகிறவன் யாரையும் கேட்க வேண்டாம். கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து, காற்று இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் நடக்க வேண்டியதுதான். போர்டு கிடையாது, சீட்டு கிடையாது. எங்கள் ஷிப்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கடைக்கு வேறு யார் வந்தார்கள், தெரிந்துகொள்வதற்கு?

இந்த வழக்கம்தான் பீட்டரைக் கொன்றது.

பீட்டர் வெல்டர். முப்பத்து நாலு வயது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் அவனும் அவன் பெண்சாதி கிறிஸ்டினாவும் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை. போன வருடம் மே மாதம் ஒரு காலையில் வண்டியைக் கொண்டு வந்து கடையில் விட்டான். பின் பிரேக் கேபிள் இற்றுப்போயிருந்தது. முன் பிரேக் அந்த வண்டியில் எப்போதுமே இல்லை. அண்ணன் பழைய கேபிளைக் கழற்றினார். புதுசு கைவசம் இல்லை. சாப்பிட்டு வரும்போது பஜாரில் வாங்கி வரலாம் என்று இரண்டு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு, ஒரு மணிக்கு ஷட்டரைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கேபிளோடு திரும்பி வந்தபோது வண்டி இல்லை. அதற்குள் சர்வீஸ் ரோடு ஹைவேயில் இறங்குகிற சரிவில் கூட்டம் கூடியிருந்தது. பிரேக்கைப் பிடித்திருக்கிறான், கை வெறுமனே அமுங்கியிருக்கிறது. கீழே டிரெய்லர் லாரி.

அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அந்த வண்டியைப் பார்த்தார். ஹேண்டில் பின்பக்கம் திரும்பியிருந்தது. பின் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. முன் டயரை மட்டும் அமுக்கிப் பார்த்தாராம். காற்று அப்படியே இருந்தது, கொஞ்சம்கூடக் குறையாமல்.

"நான் எறக்குனேன் நைனா. ரெண்டுலயும் எறக்குனேன். புஸ்ஸுன்னு போச்சே, அந்த சத்தம் இன்னும் காதுல கீது. அப்பறம் யாரு அடிச்சது?" என்று என்னிடம் கேட்டார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

டீக்கடையிலும் அதே கேள்விதான். பீட்டர் ஆறு வருட வாடிக்கைக்காரன், காற்றில்லாத வண்டியைத் தொடக்கூட மாட்டான். அவனே அடித்துக்கொண்டு போயிருக்க முடியாது. அண்ணன் இறக்க மறந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. போலீஸ் விபத்து என்று எழுதி முடித்தது. கிறிஸ்டினாவுக்குக் காண்ட்ராக்டர் மூலமாக ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்தது. விஷயம் அடங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஜூலையில் ஆரம்பித்தது.

முதலில் மாட்டியவன் அன்புராஜ். பீட்டரோடு ஒரே கம்பெனியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். மத்தியானம் இரண்டேகாலுக்கு வந்து டயரை அமுக்கினான், கல்லாக இருந்தது, ஏறி மிதித்தான். மூன்றாவது மிதியில் பெடல் காலோடு கழன்று வந்து, கால்வாய் ஓரம் விழுந்தான். பெடல் பின்னை அண்ணன் கழற்றி வைத்திருந்த வண்டி அது. அடுத்த வாரம் அந்த ஐந்து நட்சத்திர பீகார்க்காரர். சீட்டு போல்ட் இல்லாத வண்டி, டயரில் நிறையக் காற்று. மனுஷர் சீட்டோடு நடுரோட்டில் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது நான். காற்று இருந்தது, எடுத்தேன். தொழில் புத்தி, ஏறுவதற்கு முன்னால் முன் சக்கரத்தை ஒரு ஆட்டு ஆட்டினேன். நட்டு இரண்டும் கையால் சும்மா சுற்றி விட்டபடி இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் சாப்பிட்டு வருகிறவரைக்கும் நின்று, அவர் ஷட்டரைத் தூக்குவதற்குள் கத்தித் தீர்த்தேன். அவர் குனிந்து டயரை அமுக்கினார். விரலைச் சுட்டது போல எடுத்துக்கொண்டார்.

"எறக்கிட்டுதான் நைனா போனேன்" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வண்டி, சில நாள் இரண்டு. எது என்று சொல்ல முடியாது. நேரம் மட்டும் ஒன்றரைக்கும் இரண்டேகாலுக்கும் நடுவில், பீட்டர் வண்டிக்குக் காற்று ஏறிய அதே நேரம். ரோட்டில் ஈ காக்கை இருக்காது. தகரம் வெயிலில் டக் டக்கென்று சத்தம் போடும். அண்ணன் சாப்பிடப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து டீ குடித்துவிட்டு வந்தால், ஏதோ ஒரு வண்டி இரண்டு சக்கரத்திலும் நிமிர்ந்து நிற்கும். யாரோ பார்த்துக்கொண்டே இருந்து, அவர் நகர்ந்ததும் வருகிற மாதிரி.

ஒரு நாள் வால்வையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வால்வு இல்லாமல் எப்படிக் காற்று நிற்கும்? திரும்பி வந்து பார்த்தால் டயர் கல்லு. அதில் வேறொரு வால்வு, பழைய பித்தளை. இவருடைய வால்வு இவர் பையிலேயே இருந்தது. அன்று முழுக்க அந்தப் பித்தளை வால்வை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் நீட்டியபோது நான் அதை வாங்கவில்லை.

"பீட்டர்தான் காத்து அடிக்கிறான், கூட்டுக்கு ஆள் தேடுறான்" என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். அன்புராஜ் இதைப் போகிற வருகிறவனிடமெல்லாம் சொன்னான். பாதிப் பேர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். மிச்சப் பேர் டயரை அமுக்குவதை விட்டுவிட்டு, "ரெடியாண்ணே, ரெடியாண்ணே" என்று கேட்டார்கள். அவர் முறைக்கவில்லை. ஒவ்வொருத்தனுக்கும் நின்று பதில் சொன்னார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"கடைய மூடிட்டு எங்கனா போய்டலாம்னு கீறேன் நைனா" என்றார் ஒரு நாள். "இன்னொருத்தன் செத்தா என்னால தாங்க முடியாது."

நான்தான் அந்தப் பம்பை ராத்திரி மாதிரி மத்தியானமும் உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னேன். இரண்டு நாள் பூட்டினார். இரண்டு நாளும் காற்று ஏறவில்லை.

"அண்ணே, பிசாசுக்கு எதுக்குப் பம்பு?" என்று கேட்டேன்.

அவர் பம்பைத் திரும்பிப் பார்த்தார். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆள் என்று ஆனால் அந்த ஆள் யார், வேலை முடியாத வண்டிக்குக் காற்று அடித்து எங்களை எதற்குக் கொல்லப் பார்க்கிறான் என்று அடுத்த பயம் வந்துவிட்டது.

மறுநாள் நான் லீவு போட்டேன். பம்பை வெளியே பழையபடி கட்டினோம். பிரேக் கழற்றிய ஒரு வண்டியில் காற்றை இறக்கி, முன்னால் நிறுத்தினோம். நான் உள்ளேயே இருக்க, அண்ணன் வழக்கம் போல ஒரு மணிக்கு ஷட்டரைச் சாத்திவிட்டு ரோட்டில் இறங்கி நடந்து, பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி வந்து பின்கதவால் உள்ளே நுழைந்தார். இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்தோம். உள்ளே கிரீஸ் வாடையும் புழுக்கமும். ஷட்டரில் ஒரு இடத்தில் துருப்பிடித்து விரல் அளவு ஓட்டை. அது வழியாக ஒரு வெயில் கோடு வந்து அண்ணன் முழங்காலில் விழுந்திருந்தது. அவர் உதடு ஜெபம் செய்துகொண்டிருந்தது.

ஒன்று நாற்பது இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டது. வந்து நின்றது. ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. எங்களுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், யாரோ டயரை அமுக்குகிற சின்ன முனகல் கேட்டது. சங்கிலி கிணுங்கியது. அப்புறம் பம்பு. உஸ்... உஸ்... உஸ்... அவசரமே இல்லாமல். நடுநடுவே தணிந்த குரலில் பேச்சு.

"லேட்டாயிடுச்சா? இதோ, ஆயிடுச்சு. ஆயிடுச்சு."

அண்ணன் என் கையைப் பிடித்தார். "பீட்டரு" என்றார், சத்தமே வராமல்.  ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நீலப் புடவையின் கீழ்க்கரை தெரிந்தது. கேண்டீன் பெண்களுக்குக் கொடுக்கிற புடவை. பயந்ததற்கெல்லாம் சேர்த்து ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினேன்.

கிறிஸ்டினா பம்பை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள். தோளில் டிபன் பை. நெற்றியெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டது போல வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பயந்தே பூட்டேண்ணே. உள்ளதான் கீறீங்களா?"

 நான்தான் கேட்டேன், "நீ இன்னாமா பண்ற இங்க?"

"ஒண்ணுமில்லண்ணே. காலைல அஞ்சுக்குக் கேண்டீனுக்குப் போனா ஒன்றரைக்கு உட்டுருவாங்க. ஊட்டுக்குப் போற வழி. யாரோ ஒருத்தரு ரெண்டாவது ஷிப்டுக்கு ஓடியாந்து எடுப்பாரு, காத்து இல்லாம நிக்கிறதப் பாத்தா மனசு கேக்கல. ஒரு வண்டிக்கு அடிச்சிட்டுப் போவேன். தெம்பு இருந்தா ரெண்டு. அன்னிக்கு ஒண்ணுல வால்வையே எவனோ தூக்கிக்கினு போயிட்டான். ஊட்ல அவரு டப்பால பழசு நெறைய வெச்சிருப்பாரு, பையில ஒண்ணு ரெண்டு போட்டு வெப்பேன். அதப் போட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அண்ணன் திட்டுவாருன்னுதான் அவரு இல்லாத நேரமாப் பாத்து..."

அப்புறம் அண்ணனைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு அவரு வண்டியும் இப்பிடித்தாண்ணே, ரெண்டு சக்கரத்துலயும் காத்தே இல்லாம நின்னுக்கினு இருந்துச்சு. நான் ரேஷனுக்கு வந்தவ. நான்தான் அடிச்சேன். கை ஓஞ்சி போற வரைக்கும் அடிச்சி, கல்லு மாதிரி ஆக்கி வெச்சேன். ஊட்டுக்குப் போறதுக்குள்ள அவரு கெளம்பிட்டாரு, சொல்லக்கூட முடியல. அதுதாண்ணே நான் அவருக்குக் கடைசியா செஞ்சது. அதையாவது செஞ்சேன்னு கீது எனக்கு."

எனக்கு வாய் தானாகத் திறந்தது. தப்பு கண்டுபிடித்துச் சொல்லியே பழகிய வாய். அண்ணனின் மூன்று விரல் கை என் மணிக்கட்டை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தது.

"நல்லதும்மா" என்றார் அவர். குரல் நடுங்கவே இல்லை. "அன்னிக்கு வேலை முடிஞ்சிதான் இருந்துச்சு. காத்து மட்டுந்தான் பாக்கி. அடிக்க மறந்துட்டு சாப்புடப் போயிட்டேன். நீ அடிச்சது சரிதான்."

அவள் தலையாட்டிவிட்டு, பாதியில் விட்ட சக்கரத்தை அடித்து முடித்துவிட்டுத்தான் போனாள். போகும்போது எங்கள் இரண்டு பேருக்கும் கும்பிடு வேறு.

அவள் தலை மறைந்ததும் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிசாசாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிசாசாக இருந்தால் பயந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டிருக்கலாம்.

"சொல்லித்தான் ஆவணும்ணே" என்றேன். "அது பாட்டுக்குத் தெனம் வந்து அடிக்கும். எவன்னா சாவான்."

"வேலை முடியாத வண்டிய உள்ள தூக்கி வெச்சிக்கிறேன். எடம் பத்தலன்னா வேலையக் கொறைச்சிக்கிறேன்."

"அது சரி. அன்புராஜ இன்னா பண்ணுவ?"

 அன்புராஜ் வேலை செய்கிற கம்பெனியின் கேண்டீன்தான் கிறிஸ்டினாவுக்கு. முதல் ஷிப்டு வாரமெல்லாம் அவள் கையால்தான் சோறு வாங்குகிறான். 'அன்னைக்குக் காத்து அடிச்சவன் யாரு' என்ற கேள்வியை அவன் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை கேட்டால் போதும். அவள் ஒளிக்கவா போகிறாள்? பெருமையாகச் சொல்வாள், நான்தான் என்று. அந்த நிமிடமே அவன் கடை வழக்கத்தைச் சொல்லிவிடுவான். எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அது அப்படியே தெரிந்தது. கரண்டியோடு நிற்கிற அவள் முகம் வரைக்கும்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு டீக்கடையில் முதல் ஷிப்டு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அண்ணன் வந்து நடுவில் நின்றார். எனக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாரும் கேளுங்கப்பா. பீட்டர் வண்டி வேலை முடிஞ்ச வண்டிதான். நான்தான் கேபிள் போட்டேன். நட்டை முறுக்க மறந்துட்டேன். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். இப்ப நடந்ததும் என் மறதிதான். பேய் பிசாசு ஒண்ணும் கெடையாது. அவன் செத்தது என் கையால."

இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்திருக்கிறார். காற்றைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கேட்டவனுக்கெல்லாம் கணக்கு சரியாக விழுந்தது. வேலை முடிந்தது, அதனால் காற்று இருந்தது, அதனால் பீட்டர் எடுத்தான். இனி யாரும் யார் அடித்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

அன்புராஜ் எழுந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். அறைந்தது தப்பு என்று நினைக்கிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நட்டு முறுக்க மறந்த மெக்கானிக் என்ற பெயரைவிட அவருக்குச் சாவு மேல். அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

அன்று மத்தியானமே விக்டோரியா அக்கா என் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, ஒனக்குத் தெரியாம இருக்காது. முப்பது வருசமா பாக்குறேன், எங்க ஊட்டுக்காரரு ஊட்ல தண்ணிக் கொழாயக்கூட மறுபடி ஒரு தபா முறுக்கிப் பாக்காம தூங்க மாட்டாரு. நெசமா அந்த நட்டை முறுக்கலையா?"

"மனுசன்தானேக்கா. மறந்துட்டாரு."

 "பேஜாருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போனார். வீட்டில்கூட அண்ணன் உண்மையைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாய்க்குத் தெரிந்தது போதும் என்று நினைத்திருக்கிறார். அந்த ஒரு வாய் என்னுடையதாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் கிறிஸ்டினா வந்தாள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். இனிமேல் யார் வரப்போகிறார்கள் என்று துணைக்கு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவும் போகவில்லை. வெளியே ஆறு வண்டி நின்றன. ஆறும் வேலை முடிந்தவை, ஆறிலும் காற்று இருந்தது. வேலை முடியாதவை உள்ளே. அவள் கூரை நிழலுக்கு வெளியே வெயிலிலேயே நின்றாள்.

"சொல்றாங்களே, நெசமா?"

"ஆமாம்மா."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

அழுவாள், கத்துவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் உயரவே இல்லை. "நான் ஒன் வாசல்ல வந்து எங்க ஊட்டுக்காரரு கிட்ட பேசிக்கினே காத்து அடிச்சேன். நீ உள்ள குந்திக்கினு கேட்டுக்கினு இருந்த. நீ அடிச்சது சரிதாம்மான்னு வேற சொன்ன. ஒனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போனேன் நான்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்திருப்பார், அவள் அந்த வெயிலிலேயே விழுந்திருப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

அவள் நிழலுக்குள் வந்தாள். முதல் வண்டியின் பக்கத்தில் குந்தி, வால்வு நட்டைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று போனது. அடுத்த சக்கரம். அடுத்த வண்டி. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றும் கடைசி மூச்சு வரைக்கும் போய் முடிகிறவரை காத்திருந்துதான் அடுத்ததற்கு நகர்ந்தாள். பன்னிரண்டு சக்கரம். அந்த மத்தியானத்தில் அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. நான் பிசாசுக்குப் பயந்த நாட்களில்கூட என் ரோமம் அப்படி எழுந்து நின்றதில்லை. முடித்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் போய்விட்டாள்.

இரண்டேகாலுக்கு மிச்சமிருந்த நாலு வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள். அண்ணனிடம் பேசப் பிடிக்காமல், பழைய பழக்கத்தில் கட்டைவிரலால் டயரை அமுக்கினார்கள். காற்று இல்லை. ஒன்றும் கேட்காமல் சிப்காட்டைப் பார்த்து நடந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு வண்டி ரெடி என்று சொல்ல அண்ணனுக்கு நா எழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நைனா, அதுக்கிட்ட இனிமே யாரும் வந்து கேக்க மாட்டாங்க இல்ல?"

"யாரும் கேக்க மாட்டாங்கண்ணே."

"அதுக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாதுண்ணே."

"அப்ப சரி" என்று எழுந்து, பம்பை எடுத்து முதல் வண்டியில் மாட்டினார்.